எறும்பு சொன்ன பாடமும் எருது சொன்ன பாடமும்

குழந்தைக்கு உழைப்பின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமென்று கருதிய பெரியோர், பன்னெடுங்காலமாக விலங்குகளையே துணைக்கு அழைத்து வந்திருக்கின்றனர். எறும்பு, தேனீ, ஆமை, காக்கை, தூக்கணாங்குருவி, எருது ஆகியவை நம் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியப் பணி புரிந்திருக்கின்றன. இவ்வாசிரியர்கள் எங்கிருந்து வந்தனர், முதலில் யாருக்குப் பாடம் சொன்னார்கள், அவர்கள் சொன்னவற்றுள் நாம் எதனை ஏற்றோம், எதனை மறந்தோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் அனுப்பர்பாளையத்துக்காரன். திருப்பூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர், பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. குடமும் சொம்பும் அண்டாவும் குத்துவிளக்கும் இங்குள்ள பட்டறைகளில் உருவாகின்றன. தகட்டின்மேல் சுத்தியல் விழும் ஓசைதான் எங்கள் ஊரின் விடியற்காலைப் பள்ளியெழுச்சி. இதற்கு அப்பால் எத்திசையில் நடந்தாலும் பனியன் கம்பெனிகளின் தையல் எந்திர ஓசை கேட்கும். இத்தகைய ஊரில் பிறந்த குழந்தைக்கு உழைப்பு என்பது புத்தகத்தில் மட்டும் படித்தறியும் பொருளன்று. தந்தையின் கையிலுள்ள காய்ப்பிலும், தாயின் சேலையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியிலும் அதனை அக்குழந்தை நாள்தோறும் காண்கிறது.

ஓராண்டு, எங்கள் பகுதிப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்படி என்னை அழைத்திருந்தனர். எறும்பும் வெட்டுக்கிளியும் கதையைச் சொல்லி முடித்தேன். எறும்பைப் போல் உழைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூறினர். பின்வரிசையிலிருந்த ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, “ஏனுங்க ஐயா, அந்த எறும்புக்குக் கூலி யாருங்க குடுத்தாங்க?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். ஆனால் அது சிரிப்புக்குரிய கேள்வியன்று. சனிக்கிழமை மாலையில் தந்தை கொண்டுவரும் கூலியைக் கொண்டே வாரம் முழுவதும் அடுப்பெரியும் வீட்டிலிருந்து வந்த கேள்வி அது. அதற்கு விடை கூற முற்பட்டால், நீதிக் கதைகளின் வரலாற்றையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். இக்கதைகள் தொடக்கத்தில் குழந்தைகளுக்கென்று எழுந்தவை அல்ல. கிரேக்க நாட்டு ஈசாப்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பர். அவர் சாமோசு தீவில் அடிமையாக இருந்தவர் என்று வரலாற்றாசிரியர் எரோடோட்டசு குறிப்பிடுகிறார். ஈசாப்பின் பெயரால் வழங்கிய கதைகளை இலத்தீன் செய்யுளாக்கிய பீட்ரசு என்பவரும் அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவரே. ஆண்டையின் முன்னே மனத்திலுள்ளதை வெளிப்படையாகச் சொல்ல அஞ்சிய அடிமை, விலங்கின்மேல் ஏற்றிச் சொன்னதே இக்கதை வகையின் பிறப்பு என்று அவர் தம் நூலின் மூன்றாம் பகுதி முன்னுரையில் விளக்குகிறார். பிறருக்காக உழைத்தவனின் வாயிலிருந்து பிறந்த கதைகள் என்று இவற்றைக் கருதுவதற்கு இப்பழைய குறிப்புகளே சான்று.

நம் நாட்டுப் பஞ்சதந்திரத்தின் தோற்றம் வேறு வகையானது. தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்னும் நகரை ஆண்ட அமரசக்தி என்ற அரசனுக்கு அறிவு மழுங்கிய புதல்வர் மூவர் இருந்தனர்; அவர்களை ஆறே திங்களில் அரசியல் வல்லவராக்குவதாக விஷ்ணுசர்மா என்னும் முதியவர் ஏற்றுக்கொண்டார். இதுவே அந்நூலின் முகவுரைக் கதை. ஆகவே அங்கே சிங்கமும் நரியும் காக்கையும் ஆந்தையும் பேசுவதெல்லாம் நட்பு, பகை, சூழ்ச்சி, காலமறிதல் ஆகியவற்றைப் பற்றியே. அரசிளங்குமரனுக்கு ஏரோட்டும் உழைப்பைக் கற்பிக்கும் தேவை அவ்வாசிரியருக்கு இருக்கவில்லை. இந்நூல் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா என்பவரால் அரபு மொழிக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

தமிழ் உரைநடையில் இக்கதைகள் அச்சேறிய வரலாறும் சுவையானது. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராக விளங்கிய தாண்டவராய முதலியார், மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழாக்கி 1826இல் வெளியிட்டார். அதே ஆண்டில், தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய துபுவா பாதிரியார், தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் பஞ்சதந்திரத்தைப் பாரிசு நகரில் வெளியிட்டார். தாண்டவராய முதலியாரின் நூல் ஆங்கில அதிகாரிகள் தமிழ் கற்பதற்கும், பின்னர் நம் பிள்ளைகள் உரைநடை கற்பதற்கும் பாடநூலாயிற்று. அரசகுமாரர்களுக்குரிய நூல் இவ்வாறு பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

ஐரோப்பாவிலும் இத்தகைய மாறுதல் அதற்குமுன் நிகழ்ந்திருந்தது. ஆங்கில அறிஞர் ஜான் லாக் 1693இல் கல்வியைப் பற்றி எழுதிய நூலில், குழந்தைகள் முதன்முதலாகப் படிப்பதற்கு ஈசாப்பின் கதைகள் ஏற்றவை என்று பரிந்துரைத்தார். ஐசக் வாட்சு என்னும் சமயப் பாவலர் 1715இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட பாடல் நூலில் சுறுசுறுப்பான தேனீயை எடுத்துக்காட்டாக நிறுத்தினார். அதன் பின்னர் ஆலைத் தொழில் பெருகப் பெருக, ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்களில் எறும்புக்கும் தேனீக்கும் மதிப்பு உயர்ந்தது. ஆங்கிலக் கல்வியோடு அவை கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

வந்த இடத்தில் அவற்றை வரவேற்கத் தமிழ் மரபு முன்னரே ஆயத்தமாக இருந்தது. திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்து, முயற்சியைப் பற்றி முப்பது குறள்களைத் தந்திருக்கிறார். ஔவையின் ஆத்திசூடியை மனனம் செய்யாத திண்ணைப் பள்ளிப் பிள்ளை அக்காலத்தில் இல்லை. ஆமைக்கும் முயலுக்கும் நடந்த ஓட்டப் பந்தயக் கதை தமிழுக்கு வந்தபோது, நம் மொழியே அதற்கு ஓர் அணி பூட்டிற்று. முயல், ஆமை என்ற இரு சொற்களும் சேர்ந்தால் முயலாமை ஆகிவிடுகிறதன்றோ! முயலும் வெல்லலாம், ஆமையும் வெல்லலாம், வெல்ல இயலாதது முயலாமை ஒன்றே என்று தமிழாசிரியர்கள் சொல்லி மகிழும் நயம் வேறெந்த மொழியிலும் வாய்க்காது.

தூக்கணாங்குருவியும் நமக்கு வெளியூர் ஆசிரியரன்று. மழையில் நனைந்து நடுங்கிய குரங்கைப் பார்த்து, நீயும் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாகாதா என்று அறிவுரை கூறி, அதன் பயனாகத் தன் கூட்டையே இழந்த குருவியின் கதை பஞ்சதந்திரத்தில் உண்டு. விவேகசிந்தாமணிச் செய்யுளிலும் உண்டு. கிணற்றுமேட்டு மரங்களிலும் பனைகளிலும் தொங்கும் அக்கூடுகளைப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930ஆம் ஆண்டையொட்டி நுணுகி ஆராய்ந்தார். கூட்டை நெய்பவன் ஆண் குருவியே என்பதும், பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அக்கூடு இல்லமாகிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள். எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த துணியைக் குற்றம் நாடிப் பார்க்கும் செக்கிங் பெண்களைக் கண்டவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

இனி எறும்புக்கு வருவோம். ஈசாப்பின் பழைய கிரேக்கக் கதையில் எறும்பிடம் உணவு கேட்டுச் சென்றது வெட்டுக்கிளியன்று. மரத்திலிருந்து ஓயாது ஒலிக்கும் சிள்வண்டு. பிரெஞ்சுப் புலவர் லா ஃபோந்தேன் 1668இல் வெளியிட்ட தம் நூலின் முதற்கதையாக இதனையே அமைத்தார். சிள்வண்டு அரிதாகக் காணப்படும் வடநாடுகளில் அதனிடத்தை வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்ததும் அதுவே.

இக்கதையைக் குழந்தைக்குச் சொல்லலாகாது என்று வாதிட்டவரும் உண்டு. ரூசோ என்னும் பேரறிஞர் 1762இல் வெளியிட்ட எமிலி என்னும் நூலில், இதனைக் கேட்கும் குழந்தை சிள்வண்டின் சோம்பலை வெறுக்கக் கற்பதற்கு முன்னே, எறும்பின் கல்நெஞ்சை விரும்பக் கற்றுவிடும் என்று எச்சரித்தார். பசியோடு வாயிலில் வந்து நின்றவரை ஏளனம் செய்து அனுப்பும் உரிமையையும் உழைப்பு ஒருவருக்கு அளித்துவிடுமா என்பது அவர் எழுப்பிய ஐயம். விருந்தோம்பலை அறமாகக் கொண்ட தமிழருக்கு இவ்வையத்தின் வலிமை எளிதில் விளங்கும்.

பூச்சியியல் அறிஞர் ஃபாபர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிள்வண்டின் பக்கம் நின்று சான்று கூறினார். சிள்வண்டு தன் கூரிய மூக்கால் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு பருகுகிறது. அத்துளையிலிருந்து கசியும் சாற்றை நாடி எறும்புகள் கூட்டமாக வந்து மொய்த்து, துளையிட்டதையே துரத்தப் பார்க்கின்றன என்று அவர் தம் கண்ணால் கண்டதை எழுதினார். கதையில் இரந்து நின்றது சிள்வண்டு. இயற்கையில் பறித்து உண்பது எறும்பு.

எனினும் எறும்பின் சேமிப்பு பொய்யன்று. வட ஐரோப்பிய அறிஞர் பலர், எறும்பு தானியம் சேர்ப்பதில்லை, இது புலவர் கற்பனை என்றே எண்ணியிருந்தனர். புனாவிலிருந்த சைக்சு என்னும் ஆங்கில அதிகாரி 1835இல் இந்திய எறும்புகளைப் பற்றி எழுதியபோது, மழைக்குப் பின் எறும்புகள் நனைந்த புல்விதைகளைப் புற்றிலிருந்து வெளியே கொணர்ந்து வெயிலில் உலர்த்துவதைப் பதிவு செய்தார். நம் முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கும் காட்சி வருகிறது. அஃது எறும்புகள் சேர்த்துவைத்த அரிசி என்று விளக்குவர். பசித்த ஏழைப் பெண்ணுக்கு எறும்பின் களஞ்சியம் ஒரு வேளைச் சோறாயிற்று.

எறும்பைப் பற்றி ஈசாப்பின் பெயரால் வழங்கும் வேறொரு கதையும் உண்டு. நம் பாடநூல்களில் அது பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. எறும்பு முன்னொரு காலத்தில் மனிதனாக இருந்ததாம். தன் நிலத்தின் விளைவோடு மனநிறைவு கொள்ளாமல், அயலாரின் விளைச்சலையும் திருடிச் சேர்த்தானாம். கடவுள் சினந்து அவனைச் சிற்றுயிராக மாற்றினார். உடல் மாறியும் குணம் மாறவில்லை. இன்றும் பிறர் களத்தில் கிடக்கும் தானியத்தையே பொறுக்கிச் சேர்க்கிறான் என்பது கதை. இரு கதைகளும் ஒருங்கே வழங்கியவை. ஒன்று பாடநூலில் ஏறிற்று. மற்றொன்று வாயிலிலேயே நின்றுவிட்டது. எதனை ஏற்றுவது என்று தீர்மானித்தவர்கள் குழந்தைகள் அல்லர்.

அக்காலத்தின் சட்டங்களையும் உடன் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். இங்கிலாந்தில் நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை அமர்த்தலாகாது என்று 1833இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை தரலாகாது என்றும் அது விதித்தது. ஒன்பது மணி நேரம் வேலை செய்யும் எட்டு வயதுச் சிறுவனிடம், எறும்பைப் போல் உழை என்று கூறினால் அச்சொல் எங்ஙனம் ஒலித்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் எறும்பை விடுத்து எருதை நாடுகிறேன். எங்கள் கொங்கு நாடு எருதின் உழைப்பால் எழுந்த நாடு. மழை குறைந்த இம்மண்ணில் ஆழக் கிணறு வெட்டி, கவலை கட்டி, எருதுகளைச் சரிவில் முன்னும் பின்னும் நடத்தி நீர் இறைத்தே உழவர் பயிர் செய்தனர். திருப்பூருக்குத் தென்கிழக்கே உள்ள காங்கேயத்தின் பெயரால் வழங்கும் மாட்டினம் உலகறிந்தது. அவ்வினத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. கிணறுகளில் மின் இறைவைகள் ஏற ஏற, எருதின் கவலைப் பாதை புல் மூடிற்று. கவலை ஓட்டியவரின் பிள்ளைகளுள் பலர் பனியன் கம்பெனிக்கு வந்தனர்.

எருதைப் பற்றிய கதைகள் பாலி மொழியிலுள்ள புத்த ஜாதகத் தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு வருகின்றன. முதலாவது நந்திவிசாலன் கதை. தக்கசீலத்தில் ஓர் அந்தணன் வளர்த்த அந்த எருது, நூறு வண்டிகளை ஒன்றாகப் பிணைத்து இழுக்க வல்லது. ஆயிரம் காசு பந்தயம் வைத்த அந்தணன், இழுக்கும் நேரத்தில் அதனைப் போக்கிரி என்று வைது ஓட்டினான். எருது நான்கு கால்களையும் தூணென ஊன்றி அசையாது நின்றுவிட்டது. பந்தயம் தோற்ற அந்தணனிடம், உன் வீட்டில் நான் ஒரு சட்டியையேனும் உடைத்ததுண்டா, என்னை ஏன் இழிசொல் கூறினாய் என்று அது கேட்டது. மறுமுறை இரண்டாயிரம் காசுப் பந்தயத்தில் அவன் இன்சொல் கூறித் தட்டிக்கொடுக்க, நூறு வண்டிகளும் நகர்ந்தன. உழைக்க வல்லவனிடமிருந்து உழைப்பைப் பெறுவதற்கு மதிப்பும் ஒரு விலை என்பதை இக்கதை சொல்கிறது.

அடுத்ததே அச்சிறுவனின் கேள்விக்கு விடையாக அமைந்த கதை. ஏழைக் கிழவி ஒருத்தி, தன் வீட்டில் தங்கியவர்கள் வாடகைக்கு ஈடாக விட்டுச்சென்ற கன்றொன்றைக் கஞ்சியும் சோறும் ஊட்டி மகனைப் போல வளர்த்தாள். கன்னங்கரேலென்று வளர்ந்த அதனை ஊரார் பாட்டியின் கறுப்பன் என்று அழைத்தனர். தன்னை அருமையாக வளர்த்த தாயின் வறுமையைத் தீர்க்க வேண்டுமென்று கறுப்பன் எண்ணியிருந்தான். ஒரு நாள் ஐந்நூறு வண்டிகளோடு வந்த வணிகன் ஒருவன் ஆற்றுத்துறையில் சிக்கிக்கொண்டான். அவனுடைய மாடுகளால் ஒரு வண்டியைக்கூடக் கரையேற்ற முடியவில்லை. மேய்ந்துகொண்டிருந்த கறுப்பனின் மூக்கில் கயிறு பூட்டி இழுத்தான், கறுப்பன் நகரவில்லை. கூலி பேசாமல் வேலை செய்வதில்லை என்பது அதன் கருத்து. வண்டிக்கு இரண்டு காசு வீதம் ஆயிரம் காசு தருவதாக வணிகன் சொன்ன பின்னரே அது நுகத்தடிக்குச் சென்றது. ஐந்நூறு வண்டிகளையும் ஒவ்வொன்றாக இழுத்து மறுகரை சேர்த்தது.

வேலை முடிந்ததும் வணிகன், வண்டிக்கு ஒரு காசாகக் கணக்கிட்டு ஐந்நூறு காசை மட்டும் முடிந்து எருதின் கழுத்தில் கட்டினான். கறுப்பன் அவனை முட்டவில்லை, வண்டியை உடைக்கவில்லை. முதல் வண்டிக்கு முன்னே போய்க் குறுக்காக நின்றான். ஆட்கள் எவ்வளவு தள்ளியும் வழி விடவில்லை. கூலியைக் குறைத்தது அதற்குத் தெரிந்துவிட்டது என்று உணர்ந்த வணிகன், பேசியபடி ஆயிரம் காசையும் கட்டிய பின்னரே கறுப்பன் விலகி, தாயிடம் சென்றான்.

அன்பர்களே, உழைப்பின் பெருமையை இதனினும் உயர்த்திச் சொல்லும் கதை எது? ஐந்நூறு வண்டிகளை இழுத்த உழைப்பு இதில் இருக்கிறது. பெற்றோரைப் பேணும் அன்பு இருக்கிறது. முன்னரே பேசிய கூலி, அதனைக் குறைத்த வஞ்சகம், வன்முறையின்றி வழிமறித்து நின்ற உறுதி ஆகிய மூன்றும் உடன் இருக்கின்றன. எறும்பின் கதையில் உழைப்பவனும் பயன் பெறுபவனும் ஒருவனே. ஆகையால் கூலி என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. சொந்த நிலத்தில் உழும் உழவனுக்கு அது பொருந்தும். பட்டறையிலும் கம்பெனியிலும் பிறரிடம் வேலை செய்யும் வீட்டுக் குழந்தைக்கு எருதின் கதையும் வேண்டும்.

பஞ்சதந்திரமும் இவ்வினாவை அறவே விட்டுவிடவில்லை. பூர்ணபத்திரர் என்னும் சமண முனிவர் 1199இல் செய்த பஞ்சதந்திரப் பதிப்பின் இரண்டாம் தந்திரத்தில் சோமிலகன் என்னும் நெசவாளன் கதை வருகிறது. அரசர் அணியத்தக்க அரிய ஆடைகளை நெய்யும் அவனுக்கு உணவுக்கும் உடைக்கும் மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. தடித்த துணி நெய்பவர்களோ செல்வராயிருந்தனர். வேற்றூர் சென்று பொன் ஈட்டித் திரும்புகையில் அதனை இழக்கிறான். மீண்டும் ஈட்டி மீண்டும் இழக்கிறான். உழைத்தும் ஏன் உயரவில்லை என்ற அவன் கேள்விக்கு அந்நூல் ஊழைக் காரணம் காட்டுகிறது. அவ்விடை அனைவருக்கும் நிறைவளிக்காமல் போகலாம். ஆனால் உழைப்பவனெல்லாம் உயர்ந்துவிடுவான் என்று பொய்யாக உறுதி கூறாத நேர்மை அக்கதையில் உண்டு.

திருப்பூரின் வரலாற்றில் எறும்பும் உண்டு, எருதும் உண்டு. சரத் சாரி என்னும் அறிஞர் இவ்வூர்ப் பனியன் தொழிலைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், வயலிலிருந்தும் எந்திரத்தடியிலிருந்தும் உயர்ந்து முதலாளிகளான பலர், தம் உயர்வுக்குக் காரணமாக உழைப்பு என்னும் ஒரு சொல்லையே கூறியதை எடுத்துக்காட்டுகிறார். அஃது அவர்கள் வாழ்ந்து கண்ட உண்மை. அதே ஊரில் 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் உண்மையே. அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலிலும் கூலி உயர்வு காலத்துக்குக் காலம் பேசப்பட்டே ஒப்பந்தமாகிறது. பேச்சு முறிந்தபோது சுத்தியல் ஓசை நின்ற நாட்களும் உண்டு. உழைத்து உயர்ந்தவரையும், உழைத்த கூலிக்காக வழிமறித்து நின்றவரையும் ஒரே மண் ஈன்றெடுத்தது.

குழந்தைக்கும் தொழிலுக்கும் இருக்கவேண்டிய உறவைப் பற்றி நம் பெரியோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். காந்தியடிகள் 1937இல் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலின் வாயிலாக அறிவு புகட்ட முயன்றது. திருப்பூரில் பிறந்து 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த தி.சு. அவினாசிலிங்கம், கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தை 1930இல் நிறுவியவர். கல்வியில் உடலுழைப்புக்கு இடமளித்தவர். 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபடலாம் என்றது. பிறந்த குலத்தின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிவைக்கும் என்ற கடும் எதிர்ப்பு எழுந்து, 1954இல் அது கைவிடப்பட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பசியால் வேலைக்குச் செல்லும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது.

அதன் பின்னும் பிள்ளைகள் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்த காலம் ஒன்று இருந்தது. இதனை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் வந்தன. 2016இல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று பொதுவாகத் தடைசெய்து, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சிலவற்றுக்கே விலக்களித்தது. உழைப்பை மதிக்கக் குழந்தைக்குக் கற்பிப்பது வேறு. குழந்தையை உழைக்க அனுப்புவது வேறு. முன்னதற்காகச் சொல்லப்படும் கதை, பின்னதற்குத் துணைபோகாமல் பார்த்துக்கொள்வது கதை சொல்பவரின் கடமை.

ஆதலின் எறும்பின் கதையைக் கைவிட வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆமையின் கதையும் தூக்கணாங்குருவியின் கதையும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். சோம்பல் அழிவு தரும் என்பதில் வள்ளுவருக்கும் ஈசாப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எறும்பின் கதையைச் சொன்ன மறுநாள் பாட்டியின் கறுப்பன் கதையையும் சொல்லுங்கள். பாடநூல் எழுதும் அறிஞர்கள் எறும்புக்கு அடுத்த பக்கத்தில் எருதுக்கும் இடமளிக்கட்டும். காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டுக் குழந்தைக்கு அது சொந்த ஊர்க் கதை போலவே இருக்கும்.

அக்கதையைச் சொல்லும்போது அதன் முடிவை விட்டுவிடலாகாது. ஆயிரம் காசு முடிந்த கழுத்தோடு, கண்கள் சிவந்து, களைத்து வந்த கறுப்பனைக் கண்ட கிழவி, காசைப் பார்த்து முதலில் மகிழவில்லை. “உன் சம்பாத்தியத்தில் உண்டு வாழவா நான் ஆசைப்பட்டேன்? ஏனப்பா இத்தனை பாடுபட்டாய்?” என்ற பொருள்பட வருந்தினாள். பின்னர் வெந்நீர் வைத்து அதனைக் குளிப்பாட்டினாள். உடலெங்கும் எண்ணெய் தேய்த்தாள். பருக நீரும் வேண்டிய உணவும் தந்தாள். உழைப்பும் கூலியும் ஓய்வும் ஒரே வீட்டு வாயிலில் வந்து சேருகிற அவ்விடத்தில்தான் பழைய கதையாசிரியர் தம் கதையை நிறுத்தினார்.